இரண்டாவது ஆள்

குழந்தையை டிஸ்சார்ஜ் செய்வதற்கு முன்பு எல்லாரிடமும் கேட்பதைத்தான் அந்தத் தாயிடமும் கேட்டேன். "உங்களைத் தவிர இன்னொருத்தருக்கும் சொல்லிக்கொடுக்கணும். யாரும்மா வருவாங்க?" அவர் திருப்பிக் கேட்டது இன்னும் என்னை விடவில்லை. "நான் தூங்குற நேரத்துக்கு ஆள் கேக்குறீங்களா சிஸ்டர், இல்ல நான் முடியாமப் படுத்துட்டா பாத்துக்க ஆள் கேக்குறீங்களா?"

கோபத்தில் கேட்கவில்லை. மூச்சுவிடக் கழுத்தில் துளையிட்டு வைத்த ட்ரக்கியாஸ்டமி குழாய், இரவில் வென்டிலேட்டர் என்று இருக்கும் குழந்தையைத் தனியாக வளர்ப்பவர். எதற்காக ஆள் தேட வேண்டும் என்று தெரிந்துகொள்ளவே கேட்டார்.

நுரையீரல் மருத்துவத்துக்கான அமைப்பான அமெரிக்கன் தொராசிக் சொசைட்டி 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வீட்டில் வென்டிலேட்டரோடு இருக்கும் குழந்தைக்குப் பயிற்சி பெற்ற குடும்பத்தினர் 2 பேராவது வேண்டும் என்கிறது. பயிற்சி பெற்ற ஒருவர் எந்நேரமும் விழித்திருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. இவை இரண்டு வெவ்வேறு தேவைகள். எங்கள் டிஸ்சார்ஜ் படிவத்தில் இரண்டுக்கும் சேர்த்து ஒரே வரிதான்.

பகலில் ஒற்றை ஆளால் சமாளிக்க முடியும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. குழாயைக் கழுத்தோடு பிடித்திருக்கும் நாடாவை மாற்ற இருவர் வேண்டும் என்பார்கள். தனியாக மாற்றுபவர் குழந்தையைத் துணியில் கைகளோடு சுற்றிப் படுக்கவைத்து, புது நாடாவைக் கட்டி முடித்த பிறகுதான் பழையதை அவிழ்க்க வேண்டும். ஒரு விரல் நுழையும் இறுக்கம் போதும். குழாய் மாற்றும்போது தோளுக்கடியில் சுருட்டிய துண்டு. புதுக் குழாயின் ஒரு பக்கத்தில் நாடா முன்பே கோத்திருக்க வேண்டும். குழாய் உள்ளே போனதும் அதற்குள் இருக்கும் வழிகாட்டிக் கம்பியை அந்தக் கணமே உருவிவிட வேண்டும், அது இருக்கும்வரை மூச்சுக்கு வழியில்லை. சளியை உறிஞ்சும் சக்ஷன் குழாயை முன்பே அளந்து குறித்த ஆழத்துக்கு மேல் விடக் கூடாது, ஒரு தடவைக்கு 5 முதல் 10 விநாடிதான். 4.0 அளவுக் குழாய்க்கு 8 எண் சக்ஷன் குழாய். இதையெல்லாம் அவர் என்னைவிடச் சுத்தமாகச் செய்தார்.

பிரச்சினை இரவுதான். குழாய் கழன்றால் வென்டிலேட்டர் கத்தும் என்று பலரும் நம்புகிறார்கள். சிறு குழந்தையின் குழாய் மிகக் குறுகலானது; கழன்று மெத்தையில் கிடந்தாலும் அந்தக் குறுகல் வழியே காற்று போகும்போது உண்டாகும் தடையை வைத்து, அழுத்தம் சரியாக இருப்பதாக இயந்திரம் எடுத்துக்கொள்ளலாம். அதனால்தான் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டரும் கட்டாயம் என்கிறோம். ஆனால் குழந்தை காலை உதைத்தால் அதில் மாட்டிய ஆக்சிமீட்டரின் ப்ரோப் நழுவும், அலாரம் வீணாக அடிக்கும். இப்படிப் பல இரவு போனால், எவ்வளவு அக்கறையுள்ள தாயின் கையும் சத்தத்தைக் குறைக்கத்தான் போகும். ப்ரோப்பைப் பாதத்தில் சுற்றி மேலே சாக்ஸ் போடுங்கள், இடத்தை மாற்றிக்கொண்டே இருங்கள், அலாரம் அளவை மட்டும் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள் என்று சொல்கிறேன். தூக்கமில்லாதவருக்கு இது போதுமா?

கடைசியில் அவருடைய அக்கா வந்தார். முழுப் பயிற்சிக்கு அவருக்கு நேரமில்லை. சக்ஷன் எடுப்பது, அடைத்த குழாயை உருவி அதே அளவில் புதியதை வைப்பது, அது நுழையாவிட்டால் ஒரு அளவு சிறியது, கையால் அமுக்கும் ஆம்பு பையால் மூச்சுக் கொடுப்பது, இவ்வளவுதான் கற்றுக்கொடுத்தோம். பொம்மையில் திரும்பத் திரும்பச் செய்யவைத்தோம். குழந்தையை அனுப்பினோம், நானும் கையெழுத்திட்டேன்.

அனுப்பாமல் இருந்திருந்தால்? ஒரு வரி நிரம்பவில்லை என்று தவழும் வயதை ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே கழித்திருக்கும், பக்கத்துக் கட்டில்களின் தொற்று வேறு. இந்த நியாயம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அக்கா இருப்பது வேறு வீட்டில். அவர் அந்தத் தாயின் இரண்டாவது கேள்விக்குத்தான் பதில். முதல் கேள்வி அப்படியே இருக்கும்போதே வரி நிரம்பிவிட்டது. குழந்தை நன்றாக இருக்கிறது. அதை வைத்து முடிவு சரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இப்போதெல்லாம் அவர் பிரித்ததுபோலவே பிரித்துக் கேட்கிறேன். படுத்துவிட்டால் யார் என்றால் அக்கா, தங்கை, மேல்வீட்டுக்காரர் என்று யாரையாவது சொல்கிறார்கள். தூங்கும்போது யார் என்றால், தனியாக வளர்ப்பவர்கள் பெரும்பாலும் பேசாமல் இருக்கிறார்கள். அதையும் அப்படியே எழுதி இரவு நர்ஸ் கேட்டு அனுப்புகிறேன். கிடைக்கும்வரை வைத்துக்கொள்வதா, அனுப்பிவிடுவதா என்று ஒவ்வொரு முறையும் டாக்டர்களோடு வாதம் நடக்கிறது. இரண்டு பக்கத்துக்காகவும் நான் பேசியிருக்கிறேன்.