செல்லோவும் ஆம்ப்பும் ஒரே அறையில்

வயலின், வியோலா, செல்லோ சேர்ந்த போஸ்ட்-ராக் (ராக் வாத்தியங்களில் மெல்ல ஏறி உச்சம் தொடும், பெரும்பாலும் பாடகரில்லாத இசை) ஆல்பத்தில் பெரும்பாலான கோளாறுகள் ஒரே இடத்தில்தான் தொடங்கும். டிரம்ஸ், பேஸ், கிட்டார் எல்லாம் பதிந்து முடித்த பிறகு, மிச்சமிருக்கும் கடைசி நாளில் வில் வாத்தியக்காரர்களைக் கூப்பிடுவார்கள். அறையில் அவர்களுக்கு நாற்காலி இருக்கும், பாட்டில் இடம் இருக்காது.

இந்த வேலையில் இறங்குகிறவர்கள் அமெரிக்காவின் லூயிவில் நகரத்து ரேச்சல்ஸ் குழு 1996-இல் வெளியிட்ட ‘மியூசிக் ஃபார் ஈகான் ஷீலே’யை முதலில் கேட்டுவிடுவது நல்லது. பியானோ, வியோலா, செல்லோ, அவ்வளவுதான். வியோலாவின் கரகரத்த குரல் அத்தனை கிட்டத்தில் கேட்பதற்கு மைக் மட்டும் காரணமல்ல. அதன் மேலே ஏறி நிற்க அங்கே வேறு எதுவும் இல்லை. மறுகோடியில் கனடாவின் மொண்ட்ரியாலைச் சேர்ந்த ‘காட்ஸ்பீட் யூ! பிளாக் எம்பரர்’ குழு: 2000-இல் வந்த அவர்களுடைய இரட்டை ஆல்பத்தில் ஒரு வயலினும் ஒரு செல்லோவும் மூன்று கிட்டார், இரண்டு பேஸ், இரண்டு டிரம்ஸ்காரர்களோடு ஈடுகொடுக்க வேண்டும்.

செல்லோவின் அடித்தந்தி சுமார் 65 ஹெர்ட்ஸ். பேஸ் கிட்டாருக்கு 41, சாதாரண கிட்டாருக்கு 82. இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொள்வது செல்லோ. மேலே போனாலும் நிம்மதி இல்லை. வில் தந்தியைக் கடிக்கும் அந்த உரசல் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸில் இருக்கிறது. டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்கும் எஃபெக்ட்) போட்ட கிட்டார் குடியிருப்பதும் அங்கேயேதான். மிக்ஸிங்கில் ஈக்யூ (அலைவரிசை வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைப்பது) திருகி இதைத் தீர்க்கப் பார்த்தால் வயலின் கொசு மாதிரி ரீங்கரிக்கும். கிட்டார்காரரின் ஆம்ப்பில் (ஒலிபெருக்கியில்) டிஸ்டார்ஷனைக் கூட்டும் கெயினைக் குறைப்பதே சரியான மருந்து. கூடவே, கிட்டார் ஸட்ஜ-பஞ்சமத்தோடு நின்றுகொள்ள, காந்தாரத்தை வில் வாத்தியங்களிடம் விட்டுவிடலாம். டிஸ்டார்ஷனில் காந்தாரம் எப்படியும் குழம்பித்தான் போகும்.

சுருதி விஷயத்தில் அவசரப்படவே கூடாது. தனியாக வாசிக்கும்போது வில்காரர்கள் காது சொல்கிற சுத்தமான அந்தர காந்தாரத்தைப் பிடிப்பார்கள். அது பியானோவின் காந்தாரத்தைவிட ஏறத்தாழ 14 சென்ட் கீழே (பியானோவின் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளின் இடைவெளியில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). பியானோவைப் பிறகு சேர்த்தால் இருவரும் சரியாக வாசித்தும் கூட்டொலி புளித்துப்போகும். அதனால் பியானோவையோ அதன் வழிகாட்டித் தடத்தையோ முதலில் பதிய வேண்டும். ஸ்டூடியோ பியானோவின் A ஸ்வரம் 442 ஹெர்ட்ஸில் நின்றால் எல்லோரும் 442-க்கே வர வேண்டும். வழக்கமான 440-உடன் வித்தியாசம் 8 சென்ட்தான், ஆனால் நீண்ட ஸ்வரத்தில் அது அலையடிக்கும்.

நான்கு பேர் உட்கார்ந்தால், 17 சென்டிமீட்டர் இடைவெளி, 110 டிகிரி கோணத்தில் ஒரு ஜோடி மைக்கை ஆளுயரத்துக்கு மேலே வைத்தாலே முக்கால் வேலை முடிந்தது. செல்லோவுக்குத் தனி மைக் வைத்தால், அரை மீட்டர் தள்ளி, குதிரைக்கும் (தந்திகளைத் தாங்கும் மரத்துண்டு) பக்கத்துத் துளைக்கும் நடுவே பார்க்கட்டும். ஜோடி மைக் அதைவிட 3 மீட்டர் கூடுதல் தூரத்தில் இருந்தால் ஒலி அங்கே சுமார் 9 மில்லிசெகண்ட் பிந்திப் போய்ச் சேரும். தனி மைக்கை அந்த அளவுக்குத் தாமதப்படுத்திக் கேட்டுப் பாருங்கள். மெலிந்திருந்த அடிக்குரல் திரும்பி வரும்.

காசில்லாமல் ஒரே வயலின்காரரை எட்டு முறை பதிந்து ‘ஆர்கெஸ்ட்ரா’ ஆக்குவது எல்லோரும் செய்வதுதான். அதே நாற்காலி, அதே வயலின், அதே மைக் என்றால் எட்டுப் பேர் வராது; ஒரே ஆள், ஒலியைச் சற்றே இரட்டித்துக் காட்டும் கோரஸ் பெடலில் வாசித்த மாதிரி வரும். ஒவ்வொரு டேக்குக்கும் நாற்காலியை ஒரு மீட்டர் நகர்த்த வேண்டும். முடிந்தால் வயலினையே மாற்ற வேண்டும். நீண்ட ஸ்வரங்களில் வில் திருப்பும் இடமும் டேக்குக்கு டேக் வேறாக இருக்கட்டும், இல்லையென்றால் எட்டும் சேர்ந்து மூச்சுவிடுவது கேட்கும்.

பத்து நிமிடம் ஏறும் கிரெசெண்டோவில் வில் முதலில் விரல்பலகைப் பக்கம் மிதக்க வேண்டும். அழுத்தமும் குதிரையை நோக்கிய நகர்வும் மெல்ல மெல்ல. மூன்றாவது நிமிடத்திலேயே முழு வில்லையும் செலவழித்தவருக்கு உச்சத்தில் கொடுக்க ஒன்றும் மிஞ்சாது. ஹெட்ஃபோனில் தாளம் காட்டும் கிளிக்கும் ஒரே வேகத்தில் இருக்கக் கூடாது. நிமிடத்துக்கு 72 தட்டில் தொடங்கி 78-க்கு ஏறும்படி அமைத்தால் மனிதர்கள் வாசிப்பது போல இருக்கும். ஒரு காதில் மட்டும் ஹெட்ஃபோன் மாட்டுகிறவர்கள், காதில் மாட்டாத பக்கத்தைத் தலையோடு ஒட்டி வைத்துக்கொள்ளாவிட்டால் அமைதியான பகுதி முழுக்க டிக் டிக்தான்.

எல்பி இசைத்தட்டில் வெளியிடுவதென்றால் பாட்டு வரிசையை, தட்டில் பள்ளம் வெட்டுகிறவரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும். நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் வெளிவட்டப் பள்ளம் ஊசிக்கடியில் நொடிக்கு 51 சென்டிமீட்டர் ஓடும். உள்வட்டத்துக்கு வரும்போது அது 21 ஆகிவிடும், அதனால் கூர்மையான மேல் ஒலிகள் அங்கே கிழியும். போஸ்ட்-ராக்கின் உச்சமோ எப்போதும் கடைசியில்! மேலே சொன்ன 2000 ஆல்பத்தில் நான்கே பாட்டுகள், பக்கத்துக்கு ஒன்று, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 20 நிமிடம். அந்த அமைப்புதான் வேண்டும் என்றால் ஒட்டுமொத்த ஒலி அளவைக் குறைத்து வெட்டச் சம்மதிக்க வேண்டும், அல்லது உச்சம் முடிந்த பிறகு செல்லோ தனியாக அடங்கும் இரண்டு நிமிட வாலை வைக்கலாம். சோதனைத் தட்டு வந்ததும் முதலில் கேட்க வேண்டியது ஒவ்வொரு பக்கத்தின் கடைசி மூன்று நிமிடம்.