எனக்கே தெரியாத என் கணக்கு

வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்ய உட்கார்ந்தபோது, நான் வாசலைக்கூட மிதித்திராத ஒரு வங்கியிலிருந்து சேமிப்புக் கணக்கு வட்டியாக எனக்கு 212 ரூபாய் வந்திருப்பதாக ஆண்டுத் தகவல் அறிக்கை காட்டியது.

இன்று அந்தக் கிளைக்கே நேரில் சென்றேன். மேலாளர் எடுத்துக் காட்டிய விண்ணப்பத்தில் இருந்தது என் ஆதார் நகல்தான். முகவரியின் குறுக்கே ஓடிய மடிப்புக் கோட்டைக்கூட அடையாளம் கண்டுகொண்டேன்.

கையெழுத்து மட்டும் ஆங்கிலத்தில் இருந்தது. பள்ளி நாள் முதல் நான் தமிழில்தான் கையெழுத்திடுகிறேன்.

சிம் கார்டுக்கும் விடுதி அறைக்கும் எத்தனை நகல்களை யோசிக்காமல் நீட்டியிருப்பேன்! பிறரிடம் ஏமாற்றிப் பறித்த பணத்தைக் கைமாற்றிவிட இத்தகைய கணக்குகள் பயன்படுவதால், காவல்துறை முதலில் தேடி வருவது பெயருக்குரியவரைத்தான் என்ற எண்ணமே வயிற்றைக் கலக்கியது.

கணக்கை முடக்கக் கோரி எழுதிக் கொடுத்து, முத்திரையிட்ட ஒப்புகையை வாங்கிக்கொண்டு, சைபர் குற்றத் தளத்திலும் புகாரைப் பதிந்துவிட்டேன். 30 நாட்களில் வங்கி பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

புகாருடன் இணைக்க ஆதார் நகல் ஒன்று வேண்டும் என்றார் மேலாளர். முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட நகலை எடுத்து, அதன் குறுக்கே தேதியையும் காரணத்தையும் பெரிதாக எழுதித் தமிழில் கையெழுத்திட்டுக் கொடுத்தேன்.