வணக்கத்துக்கு இடமில்லை

எங்கள் கண்ணாடிக்கடையிலிருந்து போகும் எஸ்எம்எஸ் இதுதான்: “உங்கள் கண்ணாடி தயார். பில் 1432. இரவு 8 வரை வரலாம்.” கடைசியில் கடைப் பெயர். இத்தனூண்டு மெசேஜுக்கு மூன்று வாரம் அலைந்தேன். வெயிலில் இல்லை, கம்ப்யூட்டர் முன்னால்தான்.

2021 மார்ச் 8 அன்று நாடு முழுக்கப் பலருக்கு ஓடிபி வராமல் போனது நினைவிருக்கலாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018 விதிமுறைப்படி, முன்கூட்டியே பதிவு செய்த மாதிரி வாசகத்தோடு, அதாவது டெம்ப்ளேட்டோடு ஒத்துப்போகாத மெசேஜ்களைத் தொலைபேசி நிறுவனங்கள் அன்றுதான் வடிகட்டத் தொடங்கின. மறுநாளே டிராய் அதை ஒரு வாரம் நிறுத்திவைத்தது. வங்கிகளே தடுமாறின, நாங்கள் எம்மாத்திரம்? அப்புறம்தான் ஒழுங்காக டிஎல்டி-யில், அதாவது மெசேஜ் அனுப்பும் கடைகளும் நிறுவனங்களும் பதிவு செய்ய வேண்டிய தளத்தில், பதிவு செய்ய உட்கார்ந்தேன்.

பான், ஜிஎஸ்டி சான்றிதழ், கையெழுத்துப் போட அதிகாரம் கொடுக்கும் கடிதம். இது சுலபம். அடுத்து ஹெடர், அதாவது அனுப்புநர் பெயராகத் தெரியும் ஆறு ஆங்கில எழுத்து. கடைப் பெயரை ஆறு எழுத்தில் அடைத்தபோது ஏதோ மாத்திரைப் பெயர் மாதிரி வந்தது. பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.

டெம்ப்ளேட்தான் படுத்தியது. கண்ணாடி தயார் என்பது ஒரு பரிவர்த்தனைதானே என்று ‘டிரான்ஸாக்‌ஷனல்’ பிரிவில் போட்டேன். நிராகரித்துவிட்டார்கள். அப்போது அந்தப் பிரிவு வங்கி ஓடிபி-க்கு மட்டும். எங்களைப் போன்ற கடைகளுக்கு ‘சர்வீஸ்’. சரி என்று மாற்றும்போது, சும்மா இருக்காமல் “அடுத்த கண்ணாடிக்கு 20% தள்ளுபடி” என்று ஒரு வால் சேர்த்தேன். மறுபடியும் நிராகரிப்பு. தள்ளுபடி என்ற வார்த்தை வந்தாலே அது விளம்பரம். விளம்பரத்துக்குத் தனி டெம்ப்ளேட் வேண்டும், இரவு 9 மணிக்கு மேல் போகாது, டிஎன்டி போட்டவருக்கு, அதாவது விளம்பரம் வேண்டாம் என்று பதிந்தவருக்கு, ஒப்புதல் இல்லாமல் போகவே போகாது. எரிச்சலாக இருந்தாலும் இந்த விதி நியாயமானது. கண்ணாடி தயாரா என்று ஆவலோடு போனைத் திறப்பவரிடம் விளம்பரத்தை நுழைப்பது ஒருவகையில் ஏமாற்றுதான்.

மூன்றாவது முறைதான் தமிழ்ச் சிக்கல். ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து. தமிழில் 70. அந்த 70-ம் நாம் எண்ணும் எழுத்து இல்லை. ‘வணக்கம்’ என்பதில் நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. கணக்கில் ஏழு, ஏனென்றால் ‘க்’, ‘ம்’ இரண்டின் புள்ளியும் தனித்தனி இடம் பிடிக்கும். ‘கண்ணாடி’ நமக்கு நான்கு, அதற்கு ஏழு. புள்ளி, கால், கொம்பு எல்லாவற்றுக்கும் காசு. 70-ஐத் தாண்டினால் இரண்டு மெசேஜாக உடைத்து இரண்டுக்கும் பில் போடுவார்கள்.

ஆங்கிலத்தில் அனுப்புகிறவர்களும் சிரிக்க வேண்டாம். எங்கிருந்தோ காப்பி செய்த வளைந்த மேற்கோள் குறி ஒன்று, அல்லது ஒரு ரூபாய்க் குறியீடு உள்ளே வந்தால் போதும், மொத்த மெசேஜும் 70 கணக்குக்கு மாறிவிடும்.

எங்கள் மெசேஜ் பேப்பரில் 51 வந்தது. கடைப் பெயருக்கு 16, நடுவில் ஒரு இடைவெளி, ஆக 68. தொடக்கத்தில் ‘வணக்கம்’, ஒரு முற்றுப்புள்ளி, ஒரு இடைவெளி சேர்த்தால் 77. வணக்கத்தை அடித்தேன்.

அப்பா பார்த்துவிட்டு, “ஏம்மா, வணக்கம்கூடச் சொல்லாம இப்படி மொட்டையா அனுப்பினா கடன் வசூல் மாதிரி இல்ல இருக்கு?” என்றார். ஆங்கிலத்தில் அனுப்பினால் வணக்கத்தோடு சேர்த்துத் தாராளமாக எழுதலாம். ஆனால் எங்களிடம் வெள்ளெழுத்துக் கண்ணாடிக்கு வருபவர்களில் பாதிப் பேர் தமிழ் மட்டும் படிப்பவர்கள். பழைய கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனவர், போனைக் கை நீட்டித் தள்ளி வைத்துக்கொண்டு படிக்கிற மெசேஜ் இது. தமிழ்தான், அதுவும் சுருக்கமாகத்தான் என்று நின்றுவிட்டேன்.

பிறகும் விதிகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. 2024 அக்டோபரிலிருந்து மெசேஜில் வரும் இணைய முகவரியையும் முன்கூட்டியே பதிய வேண்டும். தீபாவளி மெசேஜில் போட்டிருந்த கடை மேப் லிங்க்குக்காக மறுபடி ஒரு சுற்று. 2025-ல் ஹெடருக்குப் பின்னால் ஒரு எழுத்து வந்தது: விளம்பரத்துக்கு பி, சர்வீஸுக்கு எஸ், பரிவர்த்தனைக்கு டி, அரசுக்கு ஜி. யாராவது தொல்லை செய்தால் 1909-க்குப் புகார் செய்யும் முன் அந்த எழுத்தை ஒரு தடவை பாருங்கள்.

அப்பா இன்னும் சமாதானமாகவில்லை. மெசேஜ் போன கையோடு கடை போனை எடுத்து ஒவ்வொருவரையும் கூப்பிடுகிறார். “வணக்கம்ங்க, மெசேஜ் வந்துச்சுங்களா?”