ஹாலெ: உப்பு காய்ச்சிய ஊரில் வார்த்த தமிழ் எழுத்து

ஜெர்மனியில் ஸாலே ஆற்றங்கரையில் இருக்கும் ஹாலெ, உப்பால் வளர்ந்த ஊர். நம் உப்பளம் போல வெயிலை நம்பிய தொழில் அல்ல. நகரின் நடுவில் ஊறிய உவர்நீரை இறைத்து, அகலமான கொப்பரைகளில் ஊற்றிக் காய்ச்சினார்கள். மாட்டு ரத்தம் சிறிது கலப்பார்கள். சூட்டில் அது இறுகும்போது கசடையும் பிடித்துக்கொண்டு நுரையாக மேலே வரும், வழித்து எறிந்துவிடலாம். இந்தத் தொழிலாளர்களுக்கு ஹாலோரன் என்று பெயர்.

தமிழ் எழுத்தை ஈயத்தில் வார்த்ததும் இதே ஊரில்தான். ஃபிராங்கே என்ற பாதிரியார் 1698இல் அடிக்கல் நாட்டிய அநாதை இல்லம், பள்ளி, அச்சகம், மருந்துக்கூடம் என்று ஒரு குட்டி நகரமாகவே விரிந்தது. ஹாலெயில் படித்த மதபோதகர் சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் இறங்கினார். அங்கிருந்து போன எழுத்து மாதிரிகளைப் பார்த்து, தமிழ் அறியாத கைகள் அச்சுகளை வெட்டின.

இது லேசான வேலை அல்ல. கொம்பு, கால் போன்றவற்றைத் தனி அச்சாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் கு, சு, மூ, நூ என உகர, ஊகாரம் எழுத்தோடு ஒட்டிக்கொள்வதால் அவற்றுக்கு மட்டும் 36 அச்சுகள் வேண்டும்.

1713இல் தரங்கம்பாடிக்கு வந்த அந்த எழுத்துகள் அளவில் பெரியவை. பக்கத்துக்குச் சில வரிகளே பிடித்ததால் காகிதம் கரைந்தது. எனவே பாலாடைக்கட்டி டப்பாக்களின் ஈய மூடிகளை உருக்கி, தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்து வார்த்தார்கள். பைபிளின் புதிய ஏற்பாடு தமிழில் 1715இல் அச்சாகி முடிந்தது. மறு ஆண்டு, சீகன்பால்கு லத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் ஹாலெயில் அச்சானது. பெயர் ‘கிராமாட்டிகா டாமுலிகா’.

ஹாலெக்குப் போனால் இசையமைப்பாளர் ஹேண்டல் பிறந்த வீட்டோடு திரும்பிவிடாதீர்கள். லைப்சிக்கிலிருந்து ரயிலில் அரை மணி நேரம்தான். ஃபிராங்கே வளாகத்தின் முதன்மைக் கட்டடத்தில் மாடிக்கூரைக்கடியில் இருக்கும் அரும்பொருள் அறைதான் முதலில் பார்க்க வேண்டியது. அதன் அலமாரிகளின் முகப்பில், உள்ளே இருக்கும் பொருள்களையே 1741 வாக்கில் ஓவியமாகத் தீட்டினார் கிரூண்ட்லர் என்ற ஓவியர். நம் பக்கத்து ஓலைச்சுவடிகளும் இங்கே பாதுகாக்கப்படுகின்றன.

வளாகத்தின் ஆவணக்காப்பகத்தில் தேடுகிறவர்கள் ‘தமிழ்’ என்று மட்டும் தேடினால் பாதிதான் கிடைக்கும். அக்கால ஜெர்மானியர் தமிழை ‘மலபாரிஷ்’ என்றும் ‘டாமுலிஷ்’ என்றும் எழுதினார்கள். தமிழர்களே அவர்களுக்கு ‘மலபாரிகள்’. அதைக் கேரளம் என்று எண்ணி ஒதுக்கிவிட்டால் தரங்கம்பாடியையே தவறவிடுவீர்கள். ஃபிராக்டூர் என்ற பழைய ஜெர்மன் அச்செழுத்தில் எஸ்ஸும் எஃப்பும் ஒன்றுபோலத் தெரியும். ஊர்ப்பெயர்களை உரக்க வாசித்துப் பார்த்தால் பிடிபடும்.