கடைசி பெஞ்சுத் தாளம்

நம் பள்ளி மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த வாரத்தில்தான் அவன் காலமான செய்தியும் சிங்கப்பூருக்கு வந்தது. 1984-ல் பத்தாம் வகுப்பு படித்த நம் செட்டுக்கு, கடைசி பெஞ்சு, தவில்காரர் வீட்டுப் பிள்ளை என்றால் போதும்.

முகூர்த்த நாளென்றால் வரமாட்டான். மறுநாள் வந்தால் கண் சொக்கும். நானோ அப்பாவுக்கு மாற்றலாகிச் சேலத்திலிருந்து வந்தவன், திக்குவாய் வேறு. எங்கள் இருவர் பக்கத்திலும் உட்கார ஆளில்லை. அப்படித்தான் சேர்ந்தோம்.

தவிலுக்கு வலது கை விரல்களில் கூடு போடுவார்கள். பசை தடவிய துணியைச் சுற்றிக் காயவிட்டால் கல்லாக இறுகிவிடும். விடிய விடிய வாசித்துவிட்டு வந்த நாளில் அவன் நகக்கண்ணில் பசை வெள்ளையாக ஒட்டியிருக்கும். அதைச் சுரண்டிக்கொண்டே பாடம் கேட்பான். தவில் மேதை நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை பெயரைச் சொன்னால் மட்டும் அந்தக் கை காதைத் தொட்டு வரும்.

ஒருநாள் ஆசிரியர் ஒருவர் மனப்பாடச் செய்யுள் ஒப்பிக்கச் சொன்னார். முதல் எழுத்திலேயே நின்றுவிட்டேன். “வாயில என்ன, கொழுக்கட்டையா?” என்று பெஞ்சுமேல் ஏற்றினார். வகுப்பே சிரித்தது. காது அடைத்துப்போன அந்த நேரத்தில் காலடியில் பலகை அதிர்ந்தது. தகதிமி, தகதிமி. விரல் நுனியால் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தான். அதைப் பிடித்துக்கொண்டு கடைசி வரிவரை சொல்லி முடித்தேன். அடி விழுந்தது அவனுக்கு. “மேளம் அடிக்கணும்னா கோயிலுக்குப் போ” என்று வெளியே நிறுத்தினார். அந்தச் சொல்லை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

சாயங்காலம் மன்னார்குடி ஹரித்ராநதித் தெப்பக்குளப் படித்துறையில் அவன் அதைப் பேசவே இல்லை. “ஒவ்வொரு வார்த்தையா தாளத்துல வையிடா, தானா வரும்” என்று தொடையில் தட்டிக் காட்டினான். அதிலிருந்து தினமும் அங்கேதான். தாளக்கட்டோடு பேசினால் திக்கு தணியும் என்று பல வருஷம் கழித்துப் பேச்சுப் பயிற்சியாளர் ஒருவர் இங்கே விளக்கினார். அந்தப் பையனுக்கு அது யாரும் சொல்லாமலே தெரிந்திருந்தது.

நான் பேசிப் பிழைக்கும் வேலைக்கு வந்தேன். அவன் ராஜகோபாலசுவாமி கோயில் வீதிகளில் வாசித்தான். பங்குனித் திருவிழாவின் பதினெட்டு நாளில் வெண்ணெய்த்தாழி உற்சவத்துக்காவது வந்து கேளு என்று வருஷம் தவறாமல் கூப்பிடுவான். பிள்ளைகளுக்கு நீண்ட பள்ளி விடுமுறை ஜூனிலும் டிசம்பரிலும்தான். அவர்கள் வேலைக்குப் போன பிறகு எனக்கே வேலை விடவில்லை. வீதியில் நின்று அவன் தவிலை நான் கேட்டதே இல்லை.

போன பங்குனியிலும் கூப்பிட்டான். அடுத்த வருஷம் கட்டாயம் வருகிறேன் என்று சொன்னேன், ஓர் எழுத்துகூடத் திக்காமல்.