ஆம்னி வேனும் ஆயிரம் ரூபாயும்

2023 செப்டம்பர் 14ஆம் தேதி சாயங்காலம் எங்கள் தெருவில் பாதிப் பேர் போனையும் கையுமாக நின்றார்கள். மறுநாள்தான் காஞ்சிபுரத்தில் அப்போதைய முதல்வர் ஸ்டாலின், குடும்பத் தலைவிகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் மகளிர் உரிமைத் தொகையைத் தொடங்கி வைக்கிறார், ஆனால் நிறையப் பேருக்கு முதல் நாளே ஆயிரம் ரூபாய் ஏறிவிட்டது. எனக்கு வரவில்லை. பேங்கில்தான் தாமதம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், சில நாள் கழித்து விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது என்று மெசேஜ் வந்தது.

நாங்கள் திருநெல்வேலி மாவட்டத்தில் பீடி சுற்றுகிற ஊர்க்காரர்கள். வீட்டில் நான், வீட்டுக்காரர், இரண்டு பிள்ளைகள், அத்தை. குடும்ப வருமானம் வருடத்துக்கு இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும், கரண்ட் வருடத்துக்கு 3600 யூனிட்டைத் தாண்டக் கூடாது, நன்செய் என்றால் 5 ஏக்கருக்குள், புன்செய் என்றால் 10 ஏக்கருக்குள் என்று அப்போது விதி. எங்களுக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. ரேஷன் கடையில் கொடுத்த டோக்கன்படி முகாமுக்குப் போனேன், இல்லம் தேடிக் கல்வியில் பாடம் எடுக்கிற பக்கத்துத் தெருப் பெண்தான் ஃபாரத்தைப் பார்த்துப் பார்த்து போனில் ஏற்றினாள். எதில் தப்பு வரும்?

இ-சேவை மையத்தில் ஆதார் எண்ணைத் தட்டிப் பார்த்தால், காரணம்: நான்கு சக்கர வாகனம். வீட்டில் கார், வேன் இருந்தால் தொகை கிடையாதாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து சொன்னேன், வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு, "அந்த ஆம்னியா இருக்குமோ" என்றார்.

2012 மாடல் ஆம்னி வேன். நல்லா இருந்த காலத்தில் வாங்கியது, 2019ல் 62 ஆயிரத்துக்கு விற்றார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததோடு சரி, வாங்கியவர் பெயர் மாற்றினாரா என்று கேட்கவே இல்லை. ஆக ஊர் பார்க்க வண்டி இல்லை, கம்ப்யூட்டரில் மட்டும் இருக்கிறது.

மெசேஜ் வந்த 30 நாளைக்குள் வருவாய் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்யலாம், அதையும் இ-சேவையிலேயே போடலாம் என்றார்கள். போட்டேன். வண்டியை விற்றுவிட்டோம் என்று எழுதினேன், அதற்குச் சாட்சியாக ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாமல். அதுவும் தள்ளுபடி. நேரில் கேட்டுவிடலாம் என்று ஆட்டோவில் ஏறி "ஆர்.டி.ஓ. ஆபீஸ்" என்றேன், ஆட்டோக்காரர் கொண்டுபோய் இறக்கியது லைசென்ஸ் எடுக்கிற ஆர்.டி.ஓ. ஆபீஸில். கோட்டாட்சியரும் ஆர்.டி.ஓ., லைசென்ஸ் கொடுக்கிறவரும் ஆர்.டி.ஓ.! வந்தது வந்தாச்சு என்று அங்கேயே கவுன்டரில் விசாரித்தேன். வண்டி இன்னும் என் வீட்டுக்காரர் பெயரில்தான் இருக்கிறது, அதை மாற்றாமல் எந்த ஆபீசுக்குப் போனாலும் இதே பதில்தான் வரும் என்று அங்கிருந்த பெண் பொறுமையாகச் சொன்னார். தப்பான ஆபீஸில்தான் சரியான பதில் கிடைத்தது.

வண்டியைத் தேடிப் பிடிக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. வாங்கியவர் இன்னொருவரிடம் தள்ளிவிட்டிருந்தார், அவரிடமிருந்து சங்கரன்கோவில் பக்கம் காய்கறி ஏற்றுகிற ஒருவரிடம் போயிருந்தது. அவருக்கு அவசரம் இல்லை, நமக்குத்தானே. செலவை நாங்களே ஏற்றுக்கொள்கிறோம் என்ற பிறகுதான் வந்து, பெயர் மாற்றுவதற்கான 29, 30 ஃபாரங்களில் கையெழுத்துப் போட்டார்.

இதற்கு நடுவில் ரேஷன் கடையில் வேறு கூத்து. எங்களுடையது முன்னுரிமைக் கார்டு, அதில் பெயர் உள்ள எல்லாரும் கடைக்கு வந்து கைரேகை வைக்க வேண்டும் என்றார்கள். பிள்ளைகளுக்கு ஒரு நிமிடம். அத்தை நாற்பது வருடமாகப் பீடி சுற்றியவர், மெஷின் அவர் விரலை ஏற்கவே இல்லை. "பெரியம்மா, அடுத்த விரலை வைங்க, நல்லா அழுத்துங்க" என்று கடைத் தம்பி சொல்லச் சொல்ல, அத்தை முந்தானையில் துடைத்துத் துடைத்து வைக்கிறார், சிவப்பு விளக்குதான் எரிகிறது. "ரேகையெல்லாம் பீடி தின்னுட்டுல்லா, நான் எங்க போக" என்றார். பின்னால் வரிசையில் நின்றவர்களுக்குச் சிரிப்பு, எனக்கு வயிற்றில் புளி. துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் வேறு எங்கே கிடைக்கும்? மூன்றாம் தடவை, காலையில் பீடித் தட்டைத் தொடுவதற்கு முன்னாலேயே கூட்டிப்போனேன், இலைத்தூள் ஒட்டாத கையோடு. இடது மோதிர விரல் பச்சை காட்டியது. இப்போது கண்ணைப் பார்த்துப் பதிகிற கருவி வந்த கடைகளில் இந்தப் பாடு இல்லை, விரல் விழாதவர்கள் கேட்டுப் பாருங்கள்.

2025 ஜூலையில், அதிகாரிகள் ஊருக்கே வந்து மனு வாங்குகிற 'உங்களுடன் ஸ்டாலின்' முகாம்கள் தொடங்கின, உரிமைத் தொகைக்குத் தனி கவுன்டர் என்றார்கள். எங்கள் பஞ்சாயத்து முறை வந்தபோது ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக், கரண்ட் பில் எல்லாவற்றோடும் பெயர் மாறிய ஆர்.சி.யின் நகலையும் கொண்டுபோனேன். அதை யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் நீட்டினேன். விண்ணப்பம் இலவசம், அங்கேயே தந்தார்கள், வாசலில் எழுதிக் கொடுக்க ஐம்பது கேட்டவரிடம் நான் மாட்டவில்லை. 45 நாளில் தீர்வு என்றார்கள், எனக்குக் கூடுதலாகவே ஆனது. டிசம்பரில் பணம் ஏறியது.

விட்டுப்போன மாதங்களை எண்ணிப் பார்த்தேன், இருபத்தேழு. அதற்கெல்லாம் சேர்த்துத் தரமாட்டார்கள், கேட்டும் பார்த்தேன். வீட்டுக்காரர் இப்போது பைக்கைக் கொடுத்துவிடலாம் என்கிறார். வாங்க வருகிற ஆளிடம், பெயர் மாற்றுகிற அன்றைக்கு நானும் கூட வருவேன் என்று சொல்லிவிட்டேன்.