கேட் ராபர்ட்ஸைத் தேர்வுக்குப் படித்த விதம்

முதுகலைப் படிப்பில் ஐரோப்பாவின் சிறுபான்மை மொழி இலக்கியங்களை விருப்பப் பாடமாக எடுத்திருந்த நான், வெல்ஷ் மொழி நாவலாசிரியர் கேட் ராபர்ட்ஸைப் பற்றி எழுதிய முதல் கட்டுரைக்கு இருபதுக்கு எட்டு மதிப்பெண்தான் பெற்றேன். 1891இல் வடமேற்கு வேல்ஸில் ஒரு சிலேட்டுக் குவாரித் தொழிலாளியின் மகளாகப் பிறந்தார், பாங்கரில் வெல்ஷ் பயின்று 1913இல் பட்டம் பெற்றார், ஆசிரியராக இருந்தார், 1985இல் மறைந்தார் என்று வாழ்க்கையை வரிசையாக ஒப்பித்திருந்தேன். தகவலில் பிழையில்லை, ஆனால் அவருடைய கதை ஒன்றையேனும் நான் படித்ததற்கான தடயமும் அதில் இல்லை.

அடுத்த முறை ஒரே ஒரு காட்சியிலிருந்து தொடங்கினேன். 1936இல் வெளிவந்த அவருடைய புகழ்பெற்ற நாவலில், ஜேன் என்னும் குவாரிக்காரர் மனைவிக்கு முதல் உலகப்போர்க் காலத்தில் ஆங்கிலத்தில் அச்சிட்ட தாள்கள் தபாலில் வருகின்றன. மகனின் பெயரும் படை எண்ணும் அவளுக்குத் தெரிகின்றன, மற்றவை விளங்கவில்லை. கடைக்காரரிடம் ஓடிப் படிக்கச் சொல்லித்தான் மகன் இறந்ததை அறிகிறாள். மரணச் செய்தியே அந்நிய மொழியில் வந்து சேரும் இந்த இடத்தைப் பிடித்துக்கொண்டால், ஆசிரியரின் வாழ்க்கையில் எது தேவை, எது தேவையில்லை என்பது தானாகவே தெளிவாகிவிடுகிறது. அவருடைய தம்பி 1917இல் மால்டாவில் இறந்ததும், அந்த இழப்பே தம்மை எழுதவைத்தது என்று அவர் பின்னாளில் கூறியதும் இங்கேதான் வரவேண்டும்.

நாவலின் தலைப்பில் நான் ஒரு நாள் முழுவதும் செலவிட்டேன். அது வீண் போகவில்லை. நான் படித்த ஆங்கில மொழிபெயர்ப்பின் தலைப்பில் கால்கள் சங்கிலியில் கிடக்கின்றன. வெல்ஷ் மூலத்திலோ, விவிலியத்தின் யோபு 13:27இல் வருவது போல, அவை தொழுவில், அதாவது கைதியின் கால்களைப் பூட்டும் மரக்கட்டையில், மாட்டப்பட்டிருக்கின்றன. தமிழ் விவிலியத்திலும் அந்த வசனத்தில் தொழு என்ற சொல்லே இருப்பதால், ஆங்கிலத் தலைப்பில் மறைந்துபோன யோபின் குரல் நமக்கு எளிதில் கேட்கிறது. மொழிபெயர்ப்பில் படிப்பவர்கள் தலைப்புகளையாவது மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பேன்.

அவருடைய எழுத்தை இரண்டு காலகட்டங்களாகப் பிரிப்பது வழக்கம். கேள்வியும் பெரும்பாலும் அப்படித்தான் வரும். ஆனால் 1937க்கும் 1949க்கும் இடையில் அவருடைய கதைநூல் எதுவும் வரவில்லை என்பதைக் கவனிக்காமல் அந்தப் பிரிவினையை விளக்க முடியாது. 1935இல் அவரும் கணவர் மோரிஸ் வில்லியம்ஸும் டென்பி நகரில் ஓர் அச்சகத்தை வாங்கி, ஒரு வெல்ஷ் வார இதழையும் அங்கிருந்து நடத்தினார்கள். 1946இல் கணவர் இறந்தபின் ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் அச்சகத்தைத் தாமே கவனித்துக்கொண்டார். பிற்கால நூல்களில் குவாரியும் வறுமையும் பின்வாங்கித் தனித்து நிற்கும் பெண்களின் மனம் முன்னே வருவதை இந்த ஆண்டுகளோடு சேர்த்து வாசித்தேன். 'எழுத்தாளர் மௌனம் காத்தார்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அச்சகம் நடத்துபவருக்கு மௌனம் ஏது?

நேரம் குறைவாக உள்ளவர்கள் 1959இல் வந்த, பெகு என்ற சிறுமியைச் சுற்றி அமைந்த சிறுகதைத் தொகுப்பிலிருந்து தொடங்கலாம். கதைகள் குறுகியவை, மொழிபெயர்ப்பும் கிடைக்கிறது. தேர்வுக்கு முந்தைய வாரம் நான் படித்தது அதைத்தான்.